ஒலிக்கருவி ஐயங்கள்: முள் சுழிக்கு வராத கம்ப்ரஸர்

கேள்வி: மூடப்பட்ட ஓர் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து, கறுப்பு முகப்புள்ள பழைய யூரி 1176எல்என் கம்ப்ரஸர் (ஒலி மிகையாகும்போது அதை அமுக்கும் கருவி) ஒன்றை வாங்கினேன். ஒலி வருகிறது; ஆனால் அடியில் ஓர் உறுமல் கேட்கிறது, இன்புட் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது, எதையும் செலுத்தாதபோதும், ஒலி எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் மீட்டர் முள் சுழிக்கு வராமல் மைனஸ் 3-இல் நிற்கிறது. இன்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு ஐசி (மின்னணுச் சில்லு) பொருத்தினால் ஒலி தெளிவாகும் என்கிறார் பழுதுபார்ப்பவர். பாஸ் டிரம் விழும்போதெல்லாம் பாட்டு முழுவதும் அமுங்குவதையும் இதோடு சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் பின்புறத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் செய்யப்பட்ட இக்கருவியின் சில திருத்தங்களில் (வெவ்வேறு காலத்துப் பதிப்புகளில்) 115/230 வோல்ட் மாற்றும் ஸ்விட்ச் உண்டு. அது இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே மின்சாரம் கொடுக்க வேண்டும். பாகங்களை மாற்றிய பின் முதன்முறை இயக்கும்போது மின்சாரம் வரும் வழியில் தொடராக ஒரு பல்பை (சீரிஸ் பல்பு) இடையில் வையுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்; மிகை மின்சாரத்தைப் பல்பு தடுத்துவிடுவதால் கருவி பிழைத்துக்கொள்ளும்.

உறுமலுக்குப் பெரும்பாலும் காரணம் பவர் சப்ளையில் வற்றிப்போன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள்தான். இக்கருவியில் பிளஸ் 30, மைனஸ் 10 என இரண்டு வோல்ட்டேஜ்கள் உண்டு. மைனஸ் பக்கத்துக் கப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டில்தான் இணைய வேண்டும்; நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் அதைத் தலைகீழாக வைத்துவிட்டு, அது வெடித்த நாற்றத்தை இரண்டு நாள் அனுபவித்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, குமிழை இருபது முப்பது முறை முழுதாகச் சுழற்றினாலே பெரும்பாலும் போதும்.

முள்ளின் விஷயம் சற்று நுட்பமானது. 1960-களின் பிற்பகுதியில் பில் புட்னம் இக்கருவியை வடிவமைத்தபோது, தம் பழைய கம்ப்ரஸரில் வால்வு செய்த வேலையை ஒரு ஃபெட் டிரான்சிஸ்டரிடம் ஒப்படைத்தார். அது வோல்ட்டேஜுக்கு ஏற்ப மாறும் மின்தடையாக நின்று, மிகையான ஒலியைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடுகிறது. அதற்கு இணையாகத் தேர்ந்தெடுத்த இன்னொரு ஃபெட் மீட்டர் சர்க்யூட்டில் இருக்கிறது. ஆகவே முள் காட்டுவது ஒலிப்பாதையை நேரடியாக அளந்த அளவு அன்று. முள் சுழிக்கு வரவில்லை என்பதாலேயே ஒலி எந்நேரமும் அமுங்குகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். கம்ப்ரஷன் (ஒலியை அமுக்குதல்) எவ்வளவு விரைவில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அட்டாக் குமிழை இடக்கோடிக்குத் திருப்பி 'ஆஃப்' நிலைக்குக் கொண்டுவாருங்கள். கம்ப்ரஷன் முழுவதும் நின்றுவிடும். அப்போதும் முள் மைனஸ் 3-இலேயே நின்றால், குறை மீட்டர் பகுதியிலோ, ஃபெட்டின் இயங்குநிலையை நிர்ணயிக்கும் பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது.

அடுத்து, கருவியை அரைமணி நேரம் சூடாகவிட்டு, அட்டாக் ஆஃபிலேயே இருக்க, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்துங்கள். பயாஸ் ட்ரிம்மரை (உள்ளேயிருக்கும் சிறு சரிசெய் திருகை), ஃபெட் முற்றிலும் அடங்கி வெளியீடு உச்சத்தில் இருக்கும் கோடிக்குக் கொண்டுபோய் அளவைக் குறித்துக்கொண்டு, பின்னர் வெளியீடு சரியாக 1 டெசிபெல் குறையும்வரை மெல்லத் திருப்புங்கள். இதை முடித்த பிறகே மீட்டரின் சுழியைச் சரிசெய்ய வேண்டும்; வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஃபெட்டையே மாற்ற வேண்டிவந்தால் இரண்டையும் இணை பார்த்து ஜோடியாக மாற்றுங்கள்.

இன்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட வேண்டாம். பிற்காலத்து 'ஜி' திருத்தத்தில் தயாரிப்பாளரே அதை நீக்கி ஐசி வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் அதை விரும்புகிறவர் அந்தத் திருத்தத்தையே வாங்கலாமே! உங்கள் கருவியின் மதிப்பில் அந்த இரும்புக்கும் கம்பிக்கும் கணிசமான பங்கு உண்டு.

பாஸ் டிரம் பற்றிய உங்கள் எண்ணம் நியாயமானது. தாழ்ந்த ஒலிகளில் ஆற்றல் மிகுதி என்பதால் அவையே கம்ப்ரஷனைத் தூண்டிவிடுகின்றன. ஒலி செல்லும் பாதையில் அல்லாமல், ஃபெட்டை இயக்கும் கட்டுப்பாட்டுப் பாதையின் தொடக்கத்தில் தொடராக ஒரு சிறு கப்பாசிட்டரைச் சேர்த்தால் அத்தூண்டல் குறையும். அவ்விடத்து மின்தடை 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஏறத்தாழ 159 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தளர்த்தும்; 0.16 வைத்தால் அது 100 ஹெர்ட்ஸ் ஆகும். உங்கள் போர்டில் அந்த மின்தடையை அளந்து கணக்கிடுங்கள். வேண்டாதபோது கப்பாசிட்டரை ஷார்ட் செய்து விலக்க ஒரு சிறு ஸ்விட்ச் வையுங்கள். அதை முகப்பில் துளையிட்டுப் பொருத்தாமல் பின்பலகையில் ஒரு தகட்டில் பொருத்துங்கள். பின்புறத்துத் திருகு முனைகளுக்குப் பதிலாக எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்களில் உள்ள மூன்று முனை வகை) சாக்கெட்டுகள் வேண்டுமானாலும், அதே தகட்டில் இடமிருக்கும்.