ஒரே டெல்டா, நாலைந்து வகை நாவல்கள்

ஒரே மாதத்தில் சரித்திரம், துப்பறியும் கதை, சமூக நாவல் என்று கலந்து படித்தால் மனதில் எதுவும் தங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகவே தங்கியது. தனித்தனியாகப் படித்திருந்தால் இவ்வளவு தங்கியிருக்காது என்றுகூடச் சொல்வேன்.

மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். ஜூன் 12-க்கு பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்று எல்லோரும் காத்திருக்கும் மே மாதத்தில் வியாபாரம் மந்தம். கிளை நூலகத்தில் எடுத்துவந்து கடையிலேயே படித்தேன். எல்லாமே கிட்டத்தட்ட நம் காவிரி டெல்டாப் பக்கத்துக் கதைகள்.

முதலில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் வந்தியத்தேவன். கரையெங்கும் ஜனங்கள், மதகுகளில் தண்ணீர் பாய்கிற சத்தம். வறண்டு கிடக்கிற வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு அதைப் படிப்பது தனி அனுபவம். அப்புறம் நூலகர், "இவர் நம்ம வடுவூர்க்காரர், படிச்சுப் பாருங்க தம்பி" என்று வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீ'லைக் கொடுத்தார். நம்பியார் விதவிதமான வேஷங்களில் நடித்த 'திகம்பர சாமியார்' படத்தின் மூலக்கதை இது. பேச்சு நீளம்தான், ஆனால் முடிச்சு அவிழும்வரை கீழே வைக்க முடியவில்லை.

அதற்கடுத்து எடுத்தது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதை வைத்து எழுதியது. 1977-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கல்கியின் ஏரிக்கரை மனதில் அப்படியே இருந்தபோது இதைப் படித்ததால் அடி பலமாக விழுந்தது. தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது சரி, அதை விளைவித்தவனுக்கு என்ன கூலி என்ற கேள்வி சரித்திர நாவலில் எழுவதே இல்லை. என் கடைக்கு நிலத்துக்காரரும் வருவார், கூலிக்கு மருந்தடிக்கிறவரும் வருவார். இரண்டு பேரையும் கூர்ந்து பார்க்க வைத்தது இந்தப் புத்தகம். ஆனாலும் நிலச்சுவான்தார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணம் போல ஆக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலிப் பிரச்சினையை அது சின்னதாக்கிவிடுகிறது. பலரும் சொன்ன குறைதான். படித்தபின் எனக்கும் அதே எண்ணம்.

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' வேறு மாதிரி. ஒரு மனிதனின் காதுக்குள் ஓயாமல் கேட்கும் குரல்கள், அவ்வளவுதான் கதை. ராத்திரியில் படிக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்'. வேதாரண்யம் பக்கம் உப்பளத்து மண்ணில் மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் சுந்தராம்பாளின் கதை. டெல்டா என்றால் பச்சை வயல் என்றே சொல்லிப் பழகிய நமக்கு, எதைப் போட்டாலும் லேசில் முளைக்காத உவர் மண்ணும் இதே டெல்டாதான் என்று காட்டுகிறது. அந்தப் பெண்கள் வயிற்றுக்கு என்ன தேடினார்கள், எங்கே பறித்தார்கள் என்பதையெல்லாம் பொறுமையாக எழுதியிருக்கிறார். சுந்தராம்பாளைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "எங்க சின்னம்மா வாழ்ந்ததும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தவர், அன்று மாலை முழுக்கப் பேசினார்.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் 'குருதிப்புன'லையும் 'அள'த்தையும் ஒரே மாதத்தில் வையுங்கள். நடுவில் மூச்சு விட ஒரு துப்பறியும் கதை இருக்கட்டும்.