பயிற்சிப் பெட்டியில் பழுது எங்கே, ஏஜென்ட் கைகாட்டுவது எங்கே?

கேள்வி: கோவையில் சிறிய எலக்ட்ரானிக்ஸ் பட்டறை நடத்துகிறேன். தரைப்படையின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவினருக்கு (ஏ.எஸ்.சி.) முகாமிலேயே பாடம் நடத்தும் 6 பயிற்சிப் பெட்டிகளைப் புதுப்பிக்க டெண்டர் வரப்போகிறது. 2012 வாக்கில் செய்தவை. ஒவ்வொன்றிலும் 8 லேப்டாப், ஒரு சர்வர், புரொஜெக்டர், லெட் ஆசிட் பாட்டரி. பாதிப் பாடங்கள் திறக்கவே இல்லை. "எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். மில் கிரேடு (ராணுவத் தர) டேப்லெட் நான் தருகிறேன், டெண்டரையும் என் பெயரில் முடித்துத் தருகிறேன், 8 சதவீதம் போதும்" என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பி இறங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரிய பழுது அவர் மாற்றச் சொல்லும் பொருளில் இல்லை.

பாடம் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஃப்ளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருள். அந்தக் காலத்துப் பயிற்சிப் பாடங்கள் அதில்தான் செய்யப்பட்டன. அடோபி 2020 டிசம்பர் 31-ல் ஆதரவை நிறுத்தியது; 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயரே பாடத்தை ஓடவிடாமல் தடுத்தது. புது டேப்லெட் வாங்கி அதே கோப்பை ஏற்றினாலும் அதே வெள்ளைத் திரைதான். முதலில் 'எஸ்டபிள்யூஎஃப்' என்று முடியும் ஃப்ளாஷ் கோப்புகளை எண்ணிப் பட்டியல் போடுங்கள். 'ரஃபில்' என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றையும் ஓட்டுங்கள். ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் 1, 2-ம் பதிப்புகளில் எழுதியவை பெரும்பாலும் ஓடிவிடும். 3-ல் எழுதியவற்றில் சில இடறும். படம் அசைகிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான விடை கொடுத்து, மதிப்பெண் சரியாகப் பதிகிறதா என்று பாருங்கள். கோளாறு ஒளிந்திருப்பது அங்கேதான்.

ஓடாதவற்றில், வெறுமனே பார்த்துக் கேட்கும் பாடங்களை வீடியோவாக மாற்றினால் போதும். லாரியில் பாரம் அடுக்குவது, ரேஷன் இண்டென்ட் (தேவைப் படிவம்) நிரப்புவது போல வீரர் கைவைத்துப் பழகும் பாடங்களை மட்டும் இன்றைய பிரவுசர்களில் ஓடும் எச்டிஎம்எல்5-ல் புதிதாக எழுதுங்கள். பாடத்தைத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு இருக்கிறதா என்று யூனிட்டில் கேளுங்கள். யாரிடமும் இருக்காது, ஆனாலும் கேளுங்கள். விலை போடும்போது இந்த மறுஎழுத்து வேலைக்குத் தனியாக ஒரு தொகை போடுங்கள். அதை மறந்தவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்தது பொத்தான் பாட்டரி. பெட்டி வருடக்கணக்கில் ஸ்டோரில் கிடந்தால் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பாட்டரி செத்துவிடும். இயந்திரத்தின் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். பயிற்சிப் பதிவுகள் எல்லாம் தப்பான தேதியில் விழும், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் சர்வருக்குள்ளேயே விடாது. "சிஸ்டம் கெட்டுவிட்டது" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 6 பெட்டிக்கு 54 பாட்டரி, டீச் செலவு. சில லேப்டாப்களில் அது ஒயரும் பிளக்கும் சேர்ந்து உறைக்குள் இருக்கும். திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் என்றால் காகிதக் கணக்கில் 84 வாட்-அவர், கைக்கு வருவது அதில் பாதி. 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி 256 வாட்-அவர். 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும் 205. சிறிய சர்வர் 15 வாட், நெட்வொர்க் சுவிட்ச் 5 வாட் எடுத்தால் 10 மணி நேரம் ஓடும். புரொஜெக்டரை இதில் மாட்டாதீர்கள். பழைய சார்ஜரையும் எடுத்துவிடுங்கள்: அது லெட் ஆசிட்டுக்கானது. லித்தியத்துக்கு 14.6 வோல்ட் சார்ஜர் தனியாக வேண்டும்.

டேப்லெட் வாங்கும் முன் ஒரு கேள்வி: வகுப்பில் வைஃபை போட அனுமதி உண்டா? எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஒயரில் இணைக்கும் லேப்டாப்பே வழி. இயங்குதளத்தையும் அவர்களே சொல்லட்டும். சாதாரண விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கேட்டால் அதற்கேற்பச் சோதியுங்கள்.

பெட்டி லடாக் போகுமா என்று கட்டாயம் கேளுங்கள். போகுமென்றால் மேலே சொன்னதில் பாதி மாறும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உயர வரம்பு சுமார் 3,048 மீட்டர்; லே நகரமே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி தவிர வேறு எதுவும் வேண்டாம். லித்தியம் பாஸ்பேட் பாட்டரி குளிரிலும் மின்சாரம் கொடுக்கும், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் அது இருக்காது. புரொஜெக்டர் மெனுவில் உயரப் பகுதிக்கான ஃபேன் அமைப்பை இயக்கி வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்த லேப்டாப்பை உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும். மூடிய பெட்டிக்குள்ளேயே சில மணி நேரம் விடவேண்டும். பெட்டியில் அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு கட்டாயம். அது இல்லாமல் மலைமேல் மூடிய பெட்டி கீழே வந்ததும் மூடி கவ்விக்கொள்ளும். ஸ்குரூடிரைவர் விட்டு நெம்புவார்கள், ரப்பர் சீல் கிழியும், அடுத்த மழையில் எல்லாம் நனையும்.

இனி ஏஜென்ட். 'மில் கிரேடு' என்பது வெறும் ஸ்டிக்கர். மில்-எஸ்டிடி-810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு; அமெரிக்க ராணுவம் எந்தப் பொருளுக்கும் அந்தச் சான்றிதழைத் தருவதில்லை. எந்த முறை எண், எந்த ஆய்வகம், எந்த மாடல் என்று அறிக்கை கேளுங்கள். 516 அதிர்ச்சிக்கு, 514 குலுக்கலுக்கு, 500 உயரத்துக்கு. நம் படைகள் கேட்பது ஜேஎஸ்எஸ் 55555 என்ற தரம்; அதற்கான சோதனைகள் பற்றிச் சென்னையில் உள்ள மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையமான இ.டி.டி.சி.யில் நேராக விசாரிக்கலாம்.

"என் உதயம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழில் டெண்டர் டெபாசிட் கட்ட வேண்டாம்" என்றும் சொல்வார். சிறு தொழில் கொள்முதல் சலுகை உற்பத்தி, சேவை செய்பவருக்குத்தான்; வியாபாரிகளுக்கு உதயம் பதிவு 2021 ஜூலை முதல் கிடைக்கிறது என்றாலும் அது வங்கிக் கடனுக்கு மட்டும். அவர் பெயரில் போட்டால் மனு தள்ளுபடி ஆகலாம். உதயம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. வெளிநாட்டு டேப்லெட்டில் தன் லேபிளை ஒட்டி 50 சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்று எழுதிக் கொடுத்தால், கையெழுத்துப் போட்டவருக்கு 2 ஆண்டு வரை தடை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்புத் துறை ஒப்பந்தத்தில், சிபாரிசு செய்ய யாரையும் அமர்த்தவில்லை, கமிஷன் கொடுக்கவில்லை என்று நீங்கள் உறுதி தருகிறீர்கள். அந்த 8 சதவீதம் தெரிந்தால் ஒப்பந்தமே ரத்து.

டெண்டர் வரும்போது ஒன்றுக்குத் தயாராக இருங்கள். பழைய விவரக் குறிப்பை அப்படியே வெட்டி ஒட்டி, டிவிடி டிரைவ் கட்டாயம் என்று போட்டிருப்பார்கள். பெட்டியைப் பயன்படுத்தும் சுபேதாரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; பெட்டி வேண்டுமென்று எழுதிய அதிகாரியோ இடமாற்றலாகிப் போயிருப்பார். குறைந்த விலைக்காரர் ஜெயிப்பார், ஆறு மாதத்தில் பெட்டி திரும்ப ஸ்டோருக்குப் போகும். இந்தக் கூத்து மாறும் அறிகுறி இல்லை. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் விளக்கம் கேட்கும் கெடு முடிவதற்குள் டிவிடி, வைஃபை, உயரம் மூன்றையும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வேலை கிடைத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்குகளைப் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள். யூனிட்டிலேயே கழற்றி, சீரியல் எண் எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். புதுப் பாடங்களில் உண்மையான இருப்புக் கணக்கு எதுவும் வேண்டாம், கற்பனைப் பொருள் எண்களையே போடுங்கள்.