க்யூவில் போவது பைட்டுகள் மட்டும்தான்

கேள்வி: லினக்ஸில் சி மொழியில் எழுதிய இரண்டு புரோகிராம்கள், சிஸ்டம் ஃபைவ் மெசேஜ் க்யூ (புரோகிராம்களுக்கிடையே செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் வசதி) வழியாக, பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்டைப் பரிமாறுகின்றன. எண்கள் சரியாக வருகின்றன. பெயரை அச்சிடப் போனால் மட்டும் பெறும் புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடும் பிழை) ஆகி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: ஸ்ட்ரக்டில் பெயரை கேரக்டர் பாயிண்டராக வைத்திருப்பீர்கள். 64 பிட் லினக்ஸில் பாயிண்டர் என்பது 8 பைட் முகவரி. க்யூ அந்த முகவரியைத்தான் கொண்டுபோகும். அது சுட்டும் எழுத்துகளை அல்ல. அனுப்பியவரின் நினைவகத்தில் மட்டுமே அந்த முகவரிக்குப் பொருள் உண்டு. பெயரை 64 பைட் கேரக்டர் அரேயாக அறிவித்து, முடிவில் வரும் பூஜ்ய பைட்டுக்கும் இடம் விட்டு, எழுத்துகளை அதில் நகலெடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த வகை க்யூவில் ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பு, செய்தியின் வகையைச் சொல்லும் லாங் எண். அது பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அனுப்பும்போது தரும் அளவில் அதைச் சேர்க்கக் கூடாது. முழு ஸ்ட்ரக்டின் அளவைத் தந்தால் ஸ்ட்ரக்டைத் தாண்டி 8 பைட் கூடுதலாகப் படிக்கப்படும். பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. அதனாலேயே இந்தத் தவறு வெகுநாள் கண்ணில் படாமல் கிடக்கும்.

ஒரே கணினியில், ஒரே கம்பைலரில் இருக்கும்வரை இப்படி ஸ்ட்ரக்டை அப்படியே அனுப்பலாம். வேறு கணினிக்குப் போகுமென்றால் வேண்டாம். ஒரு கேரக்டரை அடுத்து ஒரு இன்டிஜர் வந்தால் கம்பைலர் வழக்கமாக நடுவே 3 பைட் காலியிடம் விடும். இந்த இடைவெளியும், ஒரு எண்ணின் பைட்டுகளை அடுக்கும் வரிசையும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்காது.

கேள்வி: அனுப்புவது பைத்தான், பெறுவது நோட் ஜேஎஸ். ஆப்ஜெக்டை எந்த வடிவில் அனுப்பலாம்?

பதில்: தரவை எழுத்து வடிவில் எழுதும் ஜேசன் போதும். ஆப்ஜெக்டை பைட்டுகளாக மாற்றும் பிக்கிள் வேண்டவே வேண்டாம். அது பைத்தானுக்கே உரியது. தவிர, யாரோ வேண்டுமென்றே திரித்து அனுப்பிய பிக்கிளைத் திறந்தாலே அவர் நினைத்த கட்டளை உங்கள் கணினியில் ஓடிவிடும். ஜேசனிலும் நீளமான அடையாள எண்களைச் சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் அனுப்புங்கள். 9007199254740993 என்று எண்ணாக அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்டில் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். ஒவ்வொரு செய்தியிலும் வடிவத்தின் பதிப்பு எண்ணையும் வையுங்கள். நாளை ஒரு புலம் மாறினால் பெறுபவர் எப்படிப் படிப்பது என்று தடுமாற மாட்டார்.

கேள்வி: செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் ரேபிட்எம்க்யூ சர்வரில் சில ஆர்டர்கள் இரண்டு முறை பதிவாகின்றன. தானியங்கி ஒப்புதலை (செய்தியைக் கொடுத்தவுடனே முடிந்ததாகக் கொள்வதை) இயக்கிவிடலாமா?

பதில்: கூடாது. அப்படிச் செய்தால், வேலை முடியுமுன் புரோகிராம் விழும்போது ஆர்டரே தொலைந்துபோகும். நீங்களே ஒப்புதல் அனுப்பும் முறையில், வேலை முடிந்து ஒப்புதல் போவதற்குள் இணைப்பு அறுந்தால் அதே செய்தி மறுபடி வரத்தான் செய்யும். அனுப்புபவரே ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம் தரட்டும். ஆர்டரைப் பதியும் அதே டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனில், ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு உள்ள அட்டவணையில் அந்த அடையாளத்தையும் எழுதுங்கள். ஏற்கெனவே இருந்தால் வேலையை விட்டுவிட்டு ஒப்புதலை மட்டும் அனுப்புங்கள்.