விட்சர் 4: ஆசை இருக்கட்டும், பணம் பையிலேயே இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

2024 டிசம்பரில் ‘விட்சர் 4’ வீடியோ கேமின் முதல் ட்ரெய்லர் வந்ததிலிருந்து பாதிக் கேள்விகள் அதைப் பற்றியே வருகின்றன. ஆகவே இந்த இதழ்ப் பகுதி முழுவதும் அதற்கே.

எப்போதுதான் வரும்? அடுத்த தீபாவளிக்கா, அதற்கடுத்த தீபாவளிக்கா?

முழு அளவிலான தயாரிப்பு தொடங்கியதே 2024 நவம்பரில்தான். 2026 முடிவதற்குள் விட்சர் 4 வெளிவராது என்று போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டது. ‘இதற்கு முன் இல்லை’ என்பதைச் சிலர் ‘அதற்கடுத்த நாளே’ என்று படிக்கிறார்கள். ‘விட்சர் 3’ முதலில் 2014-இல் வருவதாக இருந்தது. பிறகு 2015 பிப்ரவரி 24 என்றார்கள், கடைசியில் மே 19 அன்று வந்தது. இதே நிறுவனத்தின் ‘சைபர்பங்க் 2077’ 2020-இல் மட்டும் ஏப்ரல், செப்டம்பர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று முறை நகர்ந்தது. தேதி அறிவித்தாலும் பென்சிலில் குறித்து வையுங்கள்.

2025 ஜூனில் காட்டிய டெமோ சாதாரண பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடியதே. வெளியாகும் கேமும் அப்படியே இருக்குமா?

அப்படி எதிர்பார்க்காதீர்கள். அன்ரியல் ஃபெஸ்ட் விழாவில் ஓடியது, கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் என்ஜின் 5.6-இன் திறனைக் காட்டச் செய்த தொழில்நுட்ப டெமோ. விட்சர் 4-இன் விளையாட்டுக் காட்சி அல்ல என்று நிறுவனமே தெளிவுபடுத்தியது. கதையுலகின் கோவிர் நாட்டில் வால்ட்ரெஸ்ட் என்ற துறைமுக ஊர், அதன் சந்தையில் சுமார் 300 பேர். அவ்வளவு பேரையும் ஒரே நேரத்தில் அசைப்பது மையச் செயலியான சிபியுவுக்குக் கடினமான வேலை, அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் காட்சியில் பெரும்பாலும் நடக்கிறோம், குதிரையில் போகிறோம். முழு கேமில் இதே நேரத்தில் சண்டைக் கணக்கு, எதிரிகளின் முடிவெடுப்பு, உங்கள் பழைய தேர்வுகளின் விளைவு எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும்.

இதில் பழைய கசப்பும் உண்டு. 2013, 2014-இல் காட்டிய விட்சர் 3 காட்சிகளைவிட 2015-இல் கைக்கு வந்தது மங்கல் என்று பெரிய சண்டை நடந்தது. தனிக் காட்சிக்குப் பொருந்திய ஒளியமைப்பு முறை, இரவும் பகலும் மாறும் முழுத் திறந்த உலகத்துக்குப் பொருந்தாமல் போனதே முக்கியக் காரணம். எனவே ட்ரெய்லரின் கீழ்மூலையில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 2024 ட்ரெய்லர் முன்கூட்டியே ரெண்டர் செய்த (கணினியில் வரைந்து வைத்த) படம். திரையில் ஆரோக்கிய அளவுகோலும் குட்டி வரைபடமும் தெரியும் வெட்டில்லாத காட்சி வரும்வரை மற்றதெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான், சாப்பாடு அல்ல.

அன்ரியல் 5 கேம்கள் எல்லாம் பிசியில் திக்கித் திக்கி ஓடுகின்றன. இதுவும் அப்படித்தானா?

நியாயமான பயம். வந்த கடிதங்களிலேயே கவனம் தேவைப்படும் கேள்வி இதுதான் என்பேன். திக்கல் இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது ஷேடர் திக்கல். ஷேடர் என்பது ஒளி, நிறம் போன்றவற்றைத் திரையில் வரையும் சிறு நிரல். பிஎஸ்5-இல் ஒரே கிராபிக்ஸ் சிப் என்பதால் ஷேடர்களைத் தயார்நிலையில் வைத்தே அனுப்புகிறார்கள். பிசியில் நூறு வகை கார்டு, ஒவ்வொன்றுக்கும் பல டிரைவர். அதனால் உங்கள் கணினிதான் அவற்றைக் கம்பைல் செய்ய (தன் கார்டுக்கு ஏற்றபடி மாற்ற) வேண்டும். 60 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.6 மில்லி நொடி. புது மந்திரம் ஒன்று முதன்முறை திரையில் வெடிக்கும்போது கம்பைல் தொடங்கினால் அந்த நேரம் தாண்டிப் படம் ஒரு கணம் உறைகிறது. முதன்முறை திறக்கும்போது ‘ஷேடர் தயாராகிறது’ என்று வந்தால் தவிர்க்காமல் 100 சதவீதம் முடியவிடுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 3டி அமைப்புகளுக்குப் போய் ஷேடர் கேஷ் (மாற்றியதைச் சேமித்து வைக்கும் இடம்) அளவை 10 ஜிபி ஆக்குங்கள். டிரைவரைப் புதுப்பித்தால் கேஷ் செல்லாததாகி, மறுபடி கம்பைல் நடக்கும். ‘நேற்று நன்றாக ஓடியது, இன்று திக்குகிறது’ என்ற புகார்களில் பல இதனால்தான்.

இரண்டாவது பயணத் திக்கல். குதிரையை விரட்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது உலகின் அடுத்த துண்டு ஏறுகிறது. அதை வரிசைப்படுத்தும் வேலை பெரும்பாலும் சிபியுவின் ஒற்றை இழையில் (ஒரே வேலை வரிசையில்) விழுவதால் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் தீராது. ஃப்ரேம் எண்ணிக்கையைப் பூட்டி வைத்தால் ஓரளவு மறையும், அவ்வளவே. உண்மையான தீர்வு என்ஜினுக்குள் வர வேண்டும். 5.6-இல் உலகத் துண்டுகளை வேகமாக ஏற்றும் புது முறை வந்திருப்பதும், அதில் சிடி ப்ராஜெக்ட் ஆட்களும் சேர்ந்து உழைத்திருப்பதும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. சொந்த என்ஜினில் இருந்தபோதும் இவர்கள் சறுக்கியவர்கள்தான். 2022 டிசம்பரில் வந்த விட்சர் 3 மேம்படுத்தல், விண்டோஸின் கிராபிக்ஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12-இல் திணறியது. அப்போது பலர் லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாறித்தான் தப்பித்தார்கள்.

சைபர்பங்க் கதை திரும்புமா?

அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். உலகத்தைப் பிசிக்காக வடிவமைத்துவிட்டு, பிறகு பிஎஸ்4-இன் மெதுவான ஹார்டு டிஸ்க்குக்குள் அடைக்கப் பார்த்தார்கள். தெருவில் வண்டி ஓட்டும் வேகத்துக்கு டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை. கட்டடங்கள் தாமதமாக முளைத்தன, கேம் செயலிழந்தது. 2020 டிசம்பர் 10 அன்று வந்ததை 18-ஆம் தேதி சோனி தன் கடையிலிருந்தே எடுத்தது. திரும்ப வைத்தது 2021 ஜூன் 21-இல்.

இம்முறை சாதாரண பிஎஸ்5-இல் முதலில் ஓடவைத்துக் காட்டியது அந்தப் பாடத்தைப் படித்ததன் அடையாளம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சைபர்பங்க் வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பிரதி மட்டும், அதிலும் சொந்தமாகப் பதிவு செய்த வீடியோவைக் காட்டத் தடை. விட்சர் 4 வரும்போது நீங்கள் வைத்திருக்கும் அதே கருவியில், விமர்சகரே பதிவு செய்த காட்சியுடன் விமர்சனம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள்.

பிஎஸ்5-இல் இடமே இல்லை. என்ன எஸ்எஸ்டி (வேகச் சேமிப்பகம்) வாங்க வேண்டும்?

முதல் மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கைக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. வாங்க வேண்டியது எம்.2 வகையில் பிசிஐஇ நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி, வாசிப்பு வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சாட்டா எம்.2 வேலை செய்யாது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயம், ஆனால் அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரையும் அகலம் 25 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. பிசிக்கென விற்கும் தடித்த ஹீட்சிங்குகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

கன்சோலை ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, வயரைப் பிடுங்கி, ஆறவிடுங்கள். மேல்தகட்டைக் கழற்றி, சிறு மூடியின் திருகை எடுங்கள். உள்ளே உள்ள ஸ்பேசரை (சிறு தாங்கியை) உங்கள் எஸ்எஸ்டியின் நீளத்துக்கான துளைக்கு நகர்த்துங்கள் (பலர் மறப்பது இதை). எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, அழுத்தித் திருகுங்கள். மின்சாரம் கொடுத்ததும் ஃபார்மேட் செய்யச் சொல்லி அதுவே கேட்கும். ஆனால் இதை இன்றே வாங்காதீர்கள், கேமின் அளவு தெரிந்தபின் போதும். கிராபிக்ஸ் கார்டு கேட்ட நால்வருக்கும் இதே பதில்.

விட்சர் 4-இன் நாயகி சிரி எப்படி விட்சர் (அரக்கர்களை வேட்டையாடும் வீரர்) ஆனாள்? சிறுவர்களுக்குத்தானே அந்தச் சோதனை?

நம் மொழியில் பெயரே சிரிக்கச் சொல்கிறது, ட்ரெய்லரில் அவள் முகத்திலோ சிரிப்பே இல்லை. ஒருவரை விட்சராக்கும் மூலிகைச் சோதனை சிறுவயதுப் பையன்களுக்கானது, அவர்களிலும் பிழைப்போர் சிலர்தான் என்பது கதையுலக விதி. ட்ரெய்லரில் அவளுக்குப் பூனைக் கண், நச்சு மருந்தைக் குடிக்கிறாள். ஆகச் சோதனை நடந்துவிட்டது. எப்படி என்பதைக் கதைக்குள் சரியாகச் சொல்லாவிட்டால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுவேன். ‘முந்தைய மூன்று கேம்களின் நாயகன் கெரால்ட் இல்லாமல் விட்சரா’ என்ற கோபத்தில் மட்டும் எனக்குப் பங்கு இல்லை. விட்சர் 3 முடியும்போதே அவர் கதை முடிந்துவிட்டது.

அதற்குள் விட்சர் 3-ஐ மறுபடி ஆடலாமா? எந்த முடிவு பொருந்தும்?

(ஆடாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுங்கள்.) சிரி விட்சராகும் முடிவு. கேர் மோர்ஹென் சண்டைக்குப் பின் சோர்ந்திருப்பவளைக் குடிக்க அழைக்காமல் பனிப்பந்து விளையாட்டுக்கு அழையுங்கள். பேரரசர் எம்ஹிரிடம் கூட்டிப் போகவே வேண்டாம். சூனியக்காரிகள் கூட்டத்துக்கு அவளைத் தனியாக விடுங்கள். அவல்லாக்கின் ஆய்வகத்தை உடைக்கட்டும், தடுக்காதீர்கள். ஸ்க்யாலின் கல்லறைக்கு உடன் போங்கள். இவற்றில் குறைந்தது மூன்று சரியாக அமைய வேண்டும். அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் முடிவு கசக்கும்.

முன்பதிவு செய்தால் பணம் திரும்புமா?

ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் வெளியாகும் நாள்வரை எப்போதும் ரத்து செய்யலாம். வெளியான பின் 14 நாள், 2 மணி நேர ஆட்டத்துக்குள். ஷேடர் தயாராகும் நேரமும் அந்த 2 மணியில் சேரும், எச்சரிக்கை. ஜிஓஜி தளத்தில் கேம் சரியாக ஓடவில்லையென்றால் 30 நாள்வரை, ஆடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடைதான் கறார். பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் பழுது இருந்தாலொழியத் தரமாட்டார்கள். அங்கே வாங்குவோர் தானியங்கிப் பதிவிறக்கத்தை முதலில் அணைத்து வையுங்கள்.