கணினிக் கேள்வி–பதில்: ஐ2பி தளங்களைத் திறக்க உலாவியை அமைப்பது எப்படி?

கேள்வி: அடையாளத்தை மறைத்து இயங்கும் ஐ2பி வலையமைப்பின் மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவிவிட்டேன், அதன் கட்டுப்பாட்டுப் பக்கமும் திறக்கிறது. ஆனால், ‘.ஐ2பி’ என்று முடியும் முகவரிகளை ஃபயர்பாக்ஸில் இட்டால் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்றே வருகிறது. 127.0.0.1, 4444 என்ற எண்களைப் புராக்ஸியாக (உலாவியின் கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சர்வராக) கொடுக்கச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத யாருடைய சர்வரிடமோ என் உலாவியை ஒப்படைப்பதாகிவிடாதா?
*— வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்*

பதில்: அந்த அச்சம் வேண்டாம். 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னையே குறிப்பதற்குப் பயன்படுத்தும் முகவரி. உங்கள் மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஐ2பி ரவுட்டர் மென்பொருள், உலாவியின் கோரிக்கைகளை வாங்கிக்கொள்வதற்காகத் திறந்து வைத்திருக்கும் போர்ட் எண்தான் 4444. ‘.ஐ2பி’ பெயர்கள் பொது இணையத்தின் டிஎன்எஸ் என்னும் தளப்பெயர்ப் பதிவேட்டில் இல்லை என்பதால், உலாவி தானாக எத்தனை முறை தேடினாலும் அவை அகப்படமாட்டா. கோரிக்கை ரவுட்டரிடம் போய்ச் சேர்ந்தால், அது தன் முகவரிப் புத்தகத்தில் பெயரைப் பார்த்து, செய்தியை மறையாக்கம் செய்து, வேறு பலரின் கணினிகளைக் கடந்து செல்லும் ‘டனல்’ வழியாக அனுப்பி வைக்கிறது. போவதற்கு ஒரு டனல், வருவதற்கு வேறொரு டனல்; 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் புதிதாக அமைக்கப்படுகின்றன.

அமைப்பை மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். இதைச் சற்று வற்புறுத்தியே சொல்கிறேன். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் பயன்படுத்தும் அதே உலாவியில் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். முகவரிப் பட்டியில் ‘அபவுட்:புரொஃபைல்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், ஃபயர்பாக்ஸில் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கெனத் தனி குக்கிகள், தனி வரலாறு, தனி புராக்ஸி அமைப்பு இருக்கும். ஐ2பி தளங்களை அதில் மட்டும் பாருங்கள். உங்கள் பெயரிலுள்ள எந்தக் கணக்கிலும் அதற்குள் நுழையாதீர்கள். புராக்ஸி எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு, பழைய குக்கிகளோடும் திறந்து கிடக்கும் கணக்குகளோடும் உலவினால், நீங்கள் யார் என்பதை உலாவியே சொல்லிவிடும்.

புதிய புரொஃபைலில் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘ஜெனரல்’ பகுதியில், கடைசியாக உள்ள ‘நெட்வொர்க் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, ‘மேனுவல் புராக்ஸி’யைத் தேர்ந்தெடுங்கள். எச்டிடிபி புராக்ஸி கட்டத்தில் 127.0.0.1 என்றும், போர்ட் கட்டத்தில் 4444 என்றும் இட்டு, அதே புராக்ஸியை எச்டிடிபிஎஸ் கோரிக்கைகளுக்கும் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். இந்த டிக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், எச்டிடிபிஎஸ் கோரிக்கைகள் ஐ2பியைத் தொடாமல் உங்கள் உண்மையான ஐபி முகவரியிலிருந்தே வெளியே போகும். பிறகு ‘அபவுட்:கான்ஃபிக்’ பக்கத்தில் ‘மீடியா.பியர்கனெக்ஷன்.எனேபிள்டு’, ‘கீவேர்ட்.எனேபிள்டு’ ஆகிய இரண்டையும் ‘ஃபால்ஸ்’ என மாற்றுங்கள். முதலாவது, வெப்ஆர்டிசி என்னும் நேரடி ஒலி–ஒளித் தொடர்பு வசதி உங்கள் ஐபி முகவரியைக் கசியவிடாமல் தடுக்கும். இரண்டாவது, நீங்கள் இடும் முகவரி தேடுபொறிக்குக் கேள்வியாகப் போய்விடாமல் தடுக்கும். அதற்கும் மேலாக, முகவரியை எப்போதும் ‘எச்டிடிபி://’ என்று தொடங்கி முழுமையாகத் தட்டச்சு செய்யும் வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

இனி, திரையில் வரும் பிழைச் செய்தியைக் கவனித்துப் படியுங்கள். ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று ஃபயர்பாக்ஸ் சொன்னால், கோரிக்கை இன்னும் புராக்ஸிக்குப் போகவில்லை. தவறான புரொஃபைலில் இருக்கிறீர்கள், அல்லது அமைப்பைச் சேமிக்கவில்லை. ‘புராக்ஸி சர்வர் இணைப்பை மறுக்கிறது’ என்று வந்தால், உலாவி அமைப்பில் குறையில்லை. ஐ2பி ஓடவில்லை, அல்லது அதன் எச்டிடிபி புராக்ஸி இன்னும் தொடங்கவில்லை. இந்தப் பெயர் முகவரிப் புத்தகத்தில் இல்லை என்று ஐ2பியின் சொந்தப் பக்கமே தோன்றினால், மகிழ்ச்சி அடையுங்கள்; உங்கள் அமைப்பு முழுக்கச் சரி. அந்தப் பக்கத்திலேயே பெயரைத் தேடித் தரும் ‘ஜம்ப்’ இணைப்புகள் இருக்கும். ரவுட்டரைத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எந்தத் தளமும் திறக்காமல் போகலாம். அது மற்ற கணினிகளைக் கண்டறிந்து டனல் அமைக்கும் நேரம் என்பதால், அவசரப்பட்டு அமைப்பைக் கலைக்க வேண்டாம்.

கேள்வி: ஐ2பியைப் போலவே அடையாளம் மறைக்கும் இன்னொரு வலையமைப்பான டோர் ஓடிக்கொண்டிருக்கும்போது, குரோமில் அதன் 9150 போர்ட்டைக் கொடுத்து ‘.ஆனியன்’ தளங்களைப் பார்க்கக் கூடாதா? அதற்கென்று தனி உலாவி எதற்கு?
*— வாசகர், நகரி, ஆந்திரம்*

பதில்: பார்க்க முடிந்தாலும் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. விண்டோஸ் கணினியில் குரோமின் அமைப்புப் பக்கம் உங்களை விண்டோஸின் பொதுப் புராக்ஸி அமைப்புக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. அங்கே செய்யும் மாற்றம் மற்ற மென்பொருள்களையும் பாதிக்கும். ஃபயர்பாக்ஸோ, 2015-இல் வெளியான ஆர்எஃப்சி 7686 என்னும் இணையத் தரநிலை விதிப்படி, ‘.ஆனியன்’ பெயர்களை டிஎன்எஸ்ஸில் தேடவே மறுக்கிறது.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உங்கள் பகுதியில் பலருடைய உலாவியில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் வரிசையாக இருக்கும். பல உலாவிகளில் இந்தப் பட்டியலைத் தளங்கள் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் படித்துவிடலாம். உலகத்தில் எத்தனை பேர் இந்த மூன்று மொழிகளை இதே வரிசையில் வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐபி முகவரி மறைந்தாலும், நீங்கள் எந்தப் பக்கத்துக்காரர் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். டோர் பிரவுசரின் ஆங்கிலப் பதிப்பு எல்லோருக்கும் ஒரே மொழியைத்தான் காட்டும். சாளர அளவைக்கூட வட்டமான எண்களுக்குக் கொண்டுவந்து, பயனர்களை ஒருவர்போல் ஒருவராகத் தோன்றச் செய்யும். அதன் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்காமலும், நீட்சிகள் எதையும் சேர்க்காமலும் அப்படியே பயன்படுத்துங்கள். இன்னொன்று: பழைய குறிப்புகளில் உள்ள 16 எழுத்து ஆனியன் முகவரிகள் 2021-இலேயே செயலிழந்துவிட்டன, இப்போதுள்ளவை 56 எழுத்து கொண்டவை.

கேள்வி: கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஐ2பியை ஓடவிட்டால் டேட்டா விரைவில் தீர்ந்துவிடுமா?
*— வாசகர், குமுளி*

பதில்: தீரும். உங்கள் கணினி உங்கள் தேவைக்கு மட்டுமல்லாமல், மற்றவர்களின் மறையாக்கப்பட்ட தகவலையும் கடத்தி உதவுகிறது. 127.0.0.1:7657 என்ற முகவரியில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ‘பேண்ட்வித்’ அளவையும் பகிர்வு விகிதத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கணினியைச் சட்டென்று அணைக்காமல், அதே பக்கத்தில் உள்ள ‘ஷட்டவுன்’ பொத்தானை அழுத்தி 10 நிமிடம் போலக் காத்திருந்தால், உங்கள் வழியாகச் செல்லும் மற்றவர்களின் இணைப்புகள் இடையில் அறுபடாமல் முடியும்.