வைட்டமின் ஈ சிவப்பணுவின் சவ்வை எப்படிக் காக்கிறது?

வைட்டமின் ஈ, சி இரண்டும் ரத்த அணுக்களைக் காக்கும் என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிவப்பணுவின் நிலைமை பரிதாபமானது. சுமார் 120 நாள் ஆக்சிஜனைச் சுமந்தே திரிய வேண்டும். உட்கரு இல்லாததால், பழுதான புரதத்துக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளவும் முடியாது. போதாததற்கு, அதன் ஹீமோகுளோபினில் ஒரு சிறு பங்கு தினமும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து சூப்பராக்சைடு என்னும் தீவிரமான ஆக்சிஜன் வடிவத்தை வெளியிடுகிறது.

இதிலிருந்து கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு, பக்கத்தில் இருப்பதைத் தாக்கத் துடிக்கும் மூலக்கூறு) ஒன்று, சவ்விலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலத்திடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் போதும். அந்த அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து, தானே ராடிக்கலாகிப் பக்கத்து அமிலத்தைத் தாக்கும். ஓலைக் கூரையில் தீ தாவுவது போலத்தான். சவ்வு விறைத்து, கடைசியில் சிவப்பணு உடைகிறது.

வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும், அதனால் சவ்வுக்குள்ளேயே இருக்கிறது. ராடிக்கலுக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து, இந்தத் தொடர் தாக்குதலின் சங்கிலியை அறுக்கிறது. சரி, அப்புறம் அதுவே ராடிக்கல் ஆகிவிடாதா? ஆகும், ஆனால் சாதுவான ராடிக்கல். நீரில் கரையும் வைட்டமின் சி, சவ்வின் விளிம்பில் அதைச் சந்தித்து மறுபடி வைட்டமின் ஈ ஆக்கிவிடுகிறது. இந்தக் கைமாற்று எனக்கு இன்றும் வியப்புதான்.

1960களில் குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு வைட்டமின் ஈ பற்றாக்குறையால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் தேறினார்கள்.

அதற்காக மாத்திரைகளை அள்ளி விழுங்காதீர்கள். ஜி6பிடி (சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க உதவும் நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ஊசி வழியே மிக அதிகமாக வைட்டமின் சி ஏற்றினால், அதுவே சிவப்பணுக்களை உடைக்கக்கூடும்.