பதில்: கோணேசர் மலையில் நின்று ஹேர்மிஸ் மூழ்குவதைப் பார்க்க முடியுமா?
உங்கள் சிறுவர் நாவலில் பையன் திருகோணமலையின் கோணேசர் மலையில் நின்று, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்குவதைப் பார்க்கிறான், ஆனால் காட்சி ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒட்டாதுதான். 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் வருமுன்னரே, முதல்நாள் இரவு அந்தக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டது. மூழ்கியது மட்டக்களப்புக் கடலில்.

பையனைத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள சீனக்குடாவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே விமானத்தளம் தாக்கப்பட்டது, எண்ணெய்த் தாங்கியொன்றில் யப்பானிய விமானமொன்று மோதி, அது நாட்கணக்காக எரிந்தது. தகப்பன் அங்கே கூலிவேலை செய்யட்டும். குண்டு விழுவதைவிட, அப்பா வீடு திரும்புவாரா என்ற தவிப்புத்தான் பிள்ளைகளைப் பக்கம் புரட்ட வைக்கும். பிணங்களை வர்ணிக்க வேண்டாம். சாவை மறைக்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள்தான் இருந்தது. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு விழுந்த பயத்தோடு, வீட்டில் பலகாரத்துக்கு மா இடிப்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.